அன்னாளின் உதடுகளும் ஏலியின் கண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றிலுள்ள மிஷன் மருத்துவமனையில் 34 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இப்போது எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளில், நோயாளிகளையும் துக்கவீட்டாரையும் சந்திக்கும் சிறு குழுவில் இருக்கிறேன். மனப்பாரத்தோடு தம்மைத் தேடி வருகிறவர்களுக்குப் போதகர்கள் செவிகொடுக்கும் விதத்தைப் பற்றியும், அந்தச் செவிகொடுத்தலில் உடலுக்கு இருக்கும் பங்கைப் பற்றியும், இதை முறையாகக் கற்றுக்கொடுப்பதில் நம் திருச்சபைகள் இன்னும் போதிய அக்கறை காட்டவில்லை என்ற என் வருத்தத்தைப் பற்றியும் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொருளின் கனம் கருதி இடம் தர வேண்டுகிறேன்.

ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் நான் பொறுப்புச் செவிலியராக இருந்த காலத்தில், சர்க்கரை நோயால் புண் அழுகி, வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்ட ஒருவர் படுத்திருந்தார். பனையேறிப் பிழைத்தவர். மூன்றாம் நாள் அவருடைய சபைப் போதகர் வந்தார். நல்ல மனிதர்; உச்சி வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே நலம் விசாரித்தார். "நல்லா இருக்கேன் ஐயா" என்று பதில் வந்ததும் வேதாகமத்தைத் திறந்து 121ஆம் சங்கீதத்தை வாசித்தார். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற வரி வந்தபோது, படுத்திருந்தவரின் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றியதை மருந்துத் தட்டோடு நின்ற நான் பார்த்தேன். போதகரின் கண்கள் புத்தகத்தின்மேல் இருந்தன. வாசித்து முடித்து, நல்ல குரலில் ஜெபித்து, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நோயாளி "ஸ்தோத்திரம் ஐயா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிரவு, சிறுநீர்க் குடுவையை எடுக்கக் குனிந்த வார்டு ஆயா, அவர் உறங்காமல் கிடப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருக்கிறார். வெகுநேரம் கழித்து அந்த மனிதர் கேட்டாராம்: "எங் கால எங்க கொண்டு போட்டாவ, தாயி?"

எவ்வளவு பெரிய கேள்வி அது! சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவந்த ஒருவர், தம் சரீரத்தில் ஒரு பங்கு எங்கே கிடக்கிறது, அதற்கு அடக்கம் உண்டா, கடைசி நாளில் அது தம்மோடு சேருமா என்று தெரியாமல் தவித்திருக்கிறார். மருத்துவரால் இதற்கு விடை சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. விடை சொல்லக் கடமைப்பட்ட ஒரே மனிதர் அன்று பகலில் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போயிருந்தார். அவரிடம் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பேசுவதற்குப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவருக்கு, உட்காருவதற்கும் பார்ப்பதற்கும் காத்திருப்பதற்கும் யாரும் பயிற்சி தரவில்லை என்பதே என் குறை.

சாமுவேலின் முதல் புத்தகம் இப்படிப்பட்ட ஒரு தவறோடுதான் தொடங்குகிறது. சீலோவில் ஆசாரியனாகிய ஏலி ஆலயத்தின் வாசல்நிலை அருகே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஏலி அவள் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று வேதம் தெளிவாகச் சொல்வதால், அவர் பார்க்கத் தவறினார் என்று சொல்வதற்கில்லை. பார்த்தார், பார்த்ததற்குத் தாமே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கடிந்துகொண்டார். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று அவள் துணிந்து மறுத்துச் சொன்னதால் உண்மை வெளிவந்தது. ஏலியின் பெருமை அதற்குப் பிறகே தொடங்குகிறது: தம் கருத்தைப் பிடித்துக்கொண்டிராமல் உடனே மாற்றிக்கொண்டு, சமாதானத்துடன் போ என்று வாழ்த்தினார். அன்னாள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று அந்தப் பகுதி முடிகிறது. நம் குருமனைகளுக்கு வரும் எத்தனை அன்னாள்கள் மறுத்துச் சொல்லத் துணிகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலோர் "சரி ஐயா" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

குறிப்பறிதல் என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். ஆனால் அந்த அதிகாரம் அமைச்சியலில் அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசனின் மனத்தை அவன் சொல்லாமலே அமைச்சன் அறிவது, அதாவது எளியவர் வலியவரின் முகத்தைப் படிப்பது, அங்கே பேசப்படுகிறது. நம் சபைகளில் இது குறைவின்றி நடந்துகொண்டிருக்கிறது. கைம்பெண்ணும் கடன்பட்டவரும் போதகரின் முகத்தை அவர் வாய் திறக்கும் முன்பே படித்துவிடுகிறார்கள். கைக்கடிகாரத்தின்மேல் ஒரு பார்வை, மேசைமேல் ஒளிரும் கைப்பேசி, உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே நின்று பேசுவது, மேசைக்கு அப்பால் உயரமான நாற்காலி, மகனின் குடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் சற்றே சுருங்கும் புருவம் ஆகிய ஒவ்வொன்றையும் அவர்கள் கவனித்து, எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று அந்தக் கணமே தீர்மானித்துக்கொள்கிறார்கள். எதிர்த்திசையில்தான் குறை. வலியவர் எளியவரின் குறிப்பை அறிய நம்மில் யாரும் அதிகாரம் வகுக்கவில்லை. மனப்பாரத்தோடு வருகிறவருக்குப் போதகர் செவிகொடுத்துத் துணைநிற்பதை மேய்ப்புப்பணி ஆலோசனை என்று நாம் சொல்வது அந்த எதிர்த்திசைக் குறிப்பறிதலையே என்பது என் எண்ணம்.

போதகர்களுக்கும் சபை ஊழியர்களுக்கும் ஆங்காங்கே நடக்கும் ஓரிரு நாள் பயிலரங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜெரார்ட் ஈகன் 1970களில் வகுத்த ஐந்து குறிப்புகளைப் பெரும்பாலும் கற்றுத்தருகிறார்கள்: வந்தவருக்கு நேர்முகமாக உட்காருதல், கைகால்களைக் கட்டிக்கொள்ளாமல் இருத்தல், சற்று முன்சாய்தல், கண்ணோடு கண் பார்த்தல், இறுக்கமின்றி இருத்தல். நல்ல குறிப்புகளே. இவற்றை விறைப்பான விதிகளாகக் கொள்ளக்கூடாது, பண்பாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஈகனே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு ஐந்தையும் சட்டம் போல மனப்பாடம் செய்விப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கணவனிடம் அடிவாங்கி வந்த 22 வயதுப் பெண், தன் தகப்பன் வயதுள்ள போதகரின் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள். அவள் தரையைப் பார்ப்பது மரியாதையாலும் கூச்சத்தாலும். அதை ஒளிவுமறைவு என்று எடுத்துக்கொண்டால் ஏலியின் தவறு திரும்பவும் நிகழும். அவளுக்கு எதிரே நேர்முகமாக உட்கார்ந்து முன்சாய்ந்து கண்ணையே பார்த்தால், காவல் நிலையத்தில் விசாரிக்கப்படுவதாக உணர்வாள், அல்லது அதைவிடத் தவறாக எண்ணிக்கொள்வாள்.

என் பாட்டி, மிஷனில் பைபிள் உமனாக, அதாவது பெண்களை வீடுகளில் சந்தித்து வேதம் சொல்லும் ஊழியராக, ஊர் ஊராக நடந்தவர். அவர் வீடுகளில் எப்படி உட்காருவார் என்பதைச் சிறுமியாக நான் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெண் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தால் இவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்குவார். இருவர் கண்களும் கீரையின்மேல் இருக்கும். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களிடமும் அப்படியே, வேலையை நிறுத்தச் சொல்லாமல் பக்கவாட்டில் அமர்ந்து, அவ்வப்போது "உம்" கொட்டிக்கொண்டிருப்பார். முகத்துக்கு முகம் பார்த்தால் ஒருநாளும் வெளிவராத செய்திகள் கீரைக்காம்புகளோடு சேர்ந்து முறத்தில் விழுந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்த "உம்" சாதாரணமானதன்று. கதை கேட்கும் பிள்ளை உம் கொட்டுவதை நிறுத்தினால் சொல்கிறவர் நிறுத்திவிடுவது போல, சரியான இடத்தில் வரும் ஒரு "உம்", நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல் என்று உணர்த்துகிறது. இடம் தவறி அவசரமாக வந்தால், போதும் முடி என்று பொருள்படுகிறது. பக்கவாட்டில், சற்றுக் கோணமாக, பார்க்க விரும்பினால் பார்க்கவும் விரும்பாவிட்டால் ஜன்னலைப் பார்க்கவும் வசதியாக உட்காருவதே நம் மக்களுக்கு இயல்பானது என்பது என் அனுபவம்.

இன்னொரு தவறான போதனையையும் சுட்டிக்காட்டியாக வேண்டும். மனிதர் உணர்த்துவதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38 சதவீதம், உடலின் பங்கு 55 சதவீதம் என்று பயிலரங்குதோறும் பலகையில் எழுதுகிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களையும் குரல் ஏற்ற இறக்கங்களையும் முகப் படங்களையும் கொண்டு, விருப்பு வெறுப்பு உணர்ச்சிகளை மட்டும் சோதித்த ஆய்வுகள் அவை. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை நம்பி, ஒருவர் சொல்லும் சொற்களில் 7 சதவீதமே பொருள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவருடைய கைகால்களை ஆராய்ந்துகொண்டிருக்கும் போதகர், அந்தச் சொற்களைத் தவறவிட்டுவிடுவார்.

செவிலியர் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்குக் கடமை உண்டு. பார்க்கின்சன் நோய் கண்டவரின் முகம் அசைவற்று மரத்துப்போனது போல இருக்கும். உள்ளே துக்கமும் மகிழ்ச்சியும் குறையாமல் இருக்கும். மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருப்பார்கள். அதைப் பொறுமையின்மை என்றோ அசுத்த ஆவியின் கிரியை என்றோ எண்ணுவது பெரும் அநியாயம். காது மந்தமான முதியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், கேட்டதாக அர்த்தமில்லை. பக்கவாதம் வந்து வாய் கோணியவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிப்பது கடினம். மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண் மனத்தைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பயிலரங்கில் சொல்கிறார்கள். கிழிந்த ரவிக்கையை மறைக்க அப்படி உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உடல் காட்டும் குறிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஒரு கேள்விக்குக் காரணமாக மட்டும் கொள்ள வேண்டும். "அண்ணன் பெயரைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்ததாக எனக்குத் தோன்றியது; சரிதானா அம்மா?" என்று மெதுவாகக் கேட்கலாம். இல்லை என்று அவர் சொன்னால், இல்லை என்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய உடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட நமக்கு அதிகம் தெரியாது.

ஜெபத்தைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஜெபிக்கிறவள், மரணப்படுக்கைகளின் அருகே ஜெபத்தின் வல்லமையை அறிந்தவள். ஆயினும் "ஜெபிப்போம்" என்ற சொல் நம்மிடையே பல வேளைகளில் உரையாடலை முடிப்பதற்கான சாடையாகிவிட்டது. பேசுகிறவர் அழத் தொடங்குகிறார். போதகருக்கு அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்குகிறார். அழுகை நின்றுவிடுகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது, அரைகுறையாய் வெளிவந்தது மறுபடி உள்ளே போய்விடுகிறது. நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. போதகர் எத்தனை விநாடிகளில் குறுக்கிடுகிறார் என்பதை அளந்து பார்த்தால் நாம் வெட்கப்பட நேரும் என்று அஞ்சுகிறேன். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும் என்று நீதிமொழிகள் சொல்லியிருக்கிறது அல்லவா? கேட்டு முடித்தபின், "எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜெபித்தால், அவர் சொன்ன சொற்களே அந்த ஜெபத்தில் திரும்ப வரும், தாம் கேட்கப்பட்டோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அவருக்குத் தேவையில்லை.

என் கணவர் இறந்தபோது எங்கள் வீட்டுக்குப் பலர் வந்தார்கள். தேவ சித்தம் என்றார்கள். நல்ல சாவு என்றார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றார்கள். எல்லாரும் அன்பினால் சொன்னவர்களே. ஆனால் எனக்கு இன்றும் நினைவிலிருப்பவர், பயிற்சிக் காலத்திலிருந்த ஓர் இளம் உதவிப் போதகர். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாயில் எனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் இருந்தார். இடையில் ஒருமுறை, "சார் காலையில என்ன சாப்பிடுவாங்க அம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் அரைமணி நேரம் பேசினேன். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் என்ற பெயரை வாங்கிக்கொண்டார்கள்.

1953இல் லண்டனில், செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தின் குருவானவர் சாட் வாரா, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் தம் முறைக்காகக் காத்திருக்கையில், தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருக்கச் சாதாரணத் தொண்டர்கள் சிலரை ஏற்பாடு செய்திருந்தார். நாளடைவில் அவர் கண்டது என்னவென்றால், பலர் அந்தத் தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசி ஆறுதலடைந்து, குருவானவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் திரும்பினார்கள். ஆலோசனை சொல்லத் தெரியாததே அந்தத் தொண்டர்களுக்குத் தகுதியாக அமைந்துவிட்டது. சமாரிட்டன்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அந்த வழியைச் சேர்ந்ததே, 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும். ஒரு குருவானவரிடம் தொடங்கிய இந்தக் கலையை நம் குருமனைகள் இனியாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

தற்கொலையைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவும் பரிவோடும் கேட்பது பலருக்கு முதல் மூச்சு விடுவது போன்ற நிம்மதியைத் தருகிறது என்பதை வார்டில் நஞ்சுண்டு பிழைத்தவர்களிடம் நான் கண்டிருக்கிறேன், மனநல மருத்துவர்களும் அப்படிக் கேட்கவே சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவரின் முகத்தில் அதிர்ச்சியோ, பாவம் என்ற கடிந்துகொள்ளுதலோ தெரிந்தால், கேட்காமல் இருந்ததற்குச் சமம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே இவ்வளவு இரங்கியிருக்கும்போது பிரசங்க பீடம் இரங்காமல் இருக்கலாமா?

கேட்டதைக் காப்பதும் கேட்பதன் பகுதியே. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் குருவானவர் எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது கடுமையான சட்டம். எங்களைப் போன்ற சபைகளில் அத்தகைய வேலி இல்லாததால், ஒருவர் கண்ணீரோடு சொன்னது அடுத்த உபவாசக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகவும், அதற்கடுத்த ஞாயிற்றில் பெயர் சொல்லாத பிரசங்க உதாரணமாகவும் வெளிவந்துவிடுகிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும், 80 குடும்பங்கள் உள்ள சபையில் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒருமுறை வெளிவந்தபின், அந்தச் சேகரத்தில் பத்தாண்டுகளுக்கு யாரும் குருமனைக்கு உண்மையைக் கொண்டுவரமாட்டார்கள். அதேவேளையில் இரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எவருக்கும் கட்டாயம். போதகருக்கு விலக்கு இல்லை. இந்த எல்லையைப் பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

தொடுதலைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது நம் வழக்கம். கைவைக்கும் முன் "கைவைத்து ஜெபிக்கலாமா அம்மா?" என்று கேட்பதால் எந்த ஆசீர்வாதமும் குறைந்துவிடாது. கேட்காமல் தொட்டால், ஏற்கெனவே ஒரு கையால் காயப்பட்டு வந்தவளின் உடல் ஒடுங்கிச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பக்தி என்று எண்ணிவிடக் கூடாது. பேசும் இடம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படியும் காதுக்கு எட்டாதபடியும் இருக்க வேண்டும். இது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமன்றிப் போதகருக்கும் பாதுகாப்பு. போதகரின் துணைவியார் உடனிருக்க வேண்டுமா என்பதை வந்தவரே முடிவுசெய்யட்டும். ஐயரம்மா இருந்தால் பேசுகிறவர்களும் உண்டு, இருந்தால் வாய் திறக்காதவர்களும் உண்டு.

இதையெல்லாம் புத்தகத்தால் கற்றுக்கொள்ள முடியாது. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920இல் மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். நலமடைந்தபின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வொர்ஸ்டர் மனநல மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்து, 1925ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அழைத்து, நோயாளிகளுக்குப் பிரசங்கிக்கும் முன் வார்டுகளில் உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். நோயாளிகளை உயிருள்ள மனித ஆவணங்கள் என்றும், வேதத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு அவர்களைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். வார்டு உதவியாளர் வேலை! இதைக் கேள்விப்பட்டபோது தரையில் உட்கார்ந்த எங்கள் ஆயாவை நினைத்துக்கொண்டேன். பிறகு 1930களில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் போதகர் ரஸ்ஸல் டிக்ஸ், நோயாளியோடு நடந்த உரையாடலை அறையைவிட்டு வந்ததும் சொல்லுக்குச் சொல் எழுதிப்பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எப்போது மௌனம் வந்தது, அதை யார் உடைத்தார் என்று எழுதி, மூத்த வழிகாட்டி ஒருவரோடும் உடன் பயில்வோரோடும் உட்கார்ந்து ஆராய்வது இன்றுவரை இந்தப் பயிற்சியின் முதுகெலும்பாக இருக்கிறது. பேசியதை எழுதிப் பார்க்கும்போதே, வந்தவர் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய இடத்தில் நாம் மருமகனைப் பற்றிக் கேட்டுத் திசைதிருப்பியது கண்ணில் படும்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த இறையியல் கல்லூரிகளில் மேய்ப்புப்பணி ஆலோசனை ஒரு பாடமாக இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போதகர்களுக்கு மருத்துவமனை சார்ந்த பயிற்சி தரப்பட்டு வருகிறது. ஆனால் குருப்பட்டம் பெறும் ஒவ்வொருவரும் இத்தகைய கண்காணிப்போடு கூடிய பயிற்சியில் சில வாரங்களேனும் இருந்தாக வேண்டும் என்று திருமண்டலங்கள் விதிக்க வேண்டும்; பட்டம் பெற்ற பின்னும், தாம் கேட்டவற்றின் பாரத்தை இறக்கி வைக்க ஒவ்வொரு போதகருக்கும் ஒரு மூத்த வழிகாட்டி வேண்டும். வாரத்துக்கு மூன்று பிரசங்கம், நான்கு வீட்டு ஜெபம், இரண்டு கமிட்டி என்று ஓடிக்கொண்டிருக்கும் மனிதரிடம் நிதானமாகக் கேளுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. சபையாராகிய நாமும் அவருடைய பிரசங்கத்தை மட்டும் எடைபோட்டு மாறுதல் கேட்கும் வழக்கத்தை விட வேண்டும்.

கால் இழந்த அந்த மனிதரின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, ஆயா என்னிடம் சொன்னதை அந்தப் போதகருக்கு நான் தெரிவித்தேன். அவர் அடுத்த வாரமே மறுபடி வந்தார். இந்த முறை முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வேதாகமம் பையிலேயே இருந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. போகும்போது, மருத்துவமனைக்குப் பின்புறம் அகற்றிய உறுப்புகளைப் புதைக்கும் இடத்தைக் காட்டும்படி ஆயாவிடம் கேட்டு, இருவரும் அங்கே சென்று சற்று நேரம் நின்றிருந்துவிட்டு வந்தார்கள்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளின் அடியில் நாளிதழ்கள் உதவி எண்களை அச்சிடுவது போல, திருச்சபைகளின் மாத இதழ்களும் ஆலய அறிவிப்புப் பலகைகளும் மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண்ணாகிய 14416ஐயும், தமிழக அரசின் உதவி எண்ணாகிய 104ஐயும் நிரந்தரமாக இடம்பெறச் செய்யும்படி தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆலயத்தில் இதைச் சென்ற மாதம் எழுதி வைத்தோம். பெண்கள் பக்கத்து வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, குனிந்த தலையோடு வருகிறவர்களின் கண்ணிலும் படும் உயரத்தில் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.